சீட்டு இன்னும் ஒரு பல் பின்னால்

ஓட்டுகிறவர் ஒருவர், பயப்படுகிறவர் இன்னொருவர்: கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் எங்கள் தொழில் அவ்வளவுதான்.

பினாங்கில், ஜெலுத்தோங் பக்கம் ஒரு டிரைவிங் ஸ்கூலில் வெகு காலமாக இன்ஸ்ட்ரக்டராக இருக்கிறேன். மலாயில் டீச்சரைக் கூப்பிடுகிற மாதிரி எல்லா மாணவர்களும் என்னை 'சிக்கு' என்றுதான் கூப்பிடுவார்கள். ஸ்டியரிங் அவர்கள் கையில். எனக்கு இடது பக்கத்துச் சீட்டு, காலுக்குக் கீழே தனியாக ஒரு பிரேக். அந்த ஒரு பெடல்தான் எனக்கும் ஆஸ்பத்திரிக்கும் நடுவில் நிற்கிறது.

எட்டு வருஷத்துக்கு முன்னால் வயிற்றைச் சுருக்குகிற ஆப்பரேஷன் செய்துகொண்டேன். அழகுக்காக இல்லை. எனக்கு உயரம் கம்மி, கால் குட்டை. சீட்டை முன்னால் இழுத்தால்தான் அந்தப் பெடல் எட்டும். முன்னால் இழுத்தால் தொப்பை டாஷ்போர்டில் இடிக்கும். இனிப்பு நீர், அதான் சர்க்கரை வியாதி வேறு. வேலையை விடுவதா வயிற்றை வெட்டுவதா என்று யோசித்து, வயிற்றை வெட்டிக்கொண்டேன். இளைத்தேன், ஊரே பார்த்தது. அப்புறம்? போன சதை வழி மறக்காமல் திரும்பி வந்தது. இப்படி இளைத்து, மறுபடி பருத்து, கண்ணாடியை ஓரக்கண்ணால் மட்டும் பார்க்கிற சகோதர சகோதரிகளுக்காகத்தான் இதை எழுதுகிறேன். இளைத்தது இளைத்தபடியே இருப்பவர்கள் தயவுசெய்து பக்கத்தைப் புரட்டிவிடுங்கள், உங்களோடு எனக்குப் பேச்சில்லை.

என் தராசு

வீட்டு எடை மெஷினை நான் நம்புவதில்லை. அது தரையைப் பொறுத்து, நாளைப் பொறுத்து, என் மனநிலையைப் பொறுத்துப் பேசும். என் தராசு ஸ்கூல் காடியின், அதாவது காரின், சீட்டுதான். சீட்டுக்கு அடியில் இருக்கிற தண்டவாளத்தில் பல் பல்லாக இருக்கும் இல்லையா, கம்பியைத் தூக்கி இழுத்தால் 'டக்' என்று ஒவ்வொரு பல்லாக மாட்டும். ஆப்பரேஷனுக்குப் பிறகு முதல் வருஷத்தில் அந்தச் சீட்டு முன்னால் வந்த வேகம் இருக்கிறதே, டக், டக், டக். ஒவ்வொரு 'டக்'குக்கும் நான் உள்ளுக்குள் கைதட்டிக்கொள்வேன்.

எங்கள் ஸ்கூலில் மூத்த இன்ஸ்ட்ரக்டர் மணியம் அண்ணே. சுங்கை பாக்காப்பிலிருந்து தினமும் பாலத்தைத் தாண்டி வருகிறவர், வாயில் எப்போதும் ஏதாவது ஒரு கிண்டல் வைத்திருப்பார். ஒரு நாள் தன் மாணவரை ஓட்டவிட்டு என் காடியில் இடது சீட்டில் ஏறினவர், உட்கார முடியாமல் நெட்டைக் காலின் முட்டி டாஷ்போர்டில் இடித்து, மறுபடி இறங்கினார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. சீட்டைத் தள்ளிவிட்டுக்கொண்டே என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"நல்லாத்தான் எளைச்சிருக்க. ஆனா இந்தச் சீட்டுக் கம்பிக்கு எண்ணெய் போட்டு வை தங்கச்சி, எப்படியும் பின்னால தள்ள வேண்டி வரும்."

பாஸானால் சாப்பாடு

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. லைசன்ஸ் பாஸாகிற மாணவர் இன்ஸ்ட்ரக்டருக்குப் பெலாஞ்சா பண்ண வேண்டும், அதாவது ஒரு வேளை சாப்பாடு வாங்கித் தரவேண்டும். யாரும் சட்டம் போடவில்லை. ஆனால் வேண்டாம் என்று சொல்லிப் பாருங்கள், "என்ன சிக்கு, என்மேல கோவமா?" என்று முகம் வாடிப்போகும். மலாய்ப் பிள்ளை நாசி லெமாக் தேங்காய்ப்பால் சோறு கொண்டுவரும். சீனப் பிள்ளை முட்டை டார்ட் கொண்டுவரும். நம் பிள்ளைகள் குடும்பத்தோடு வந்து வாழை இலைச் சாப்பாட்டுக் கடைக்கு இழுத்துக்கொண்டு போவார்கள்.

இதில் என் வினை என்னவென்றால், நான் நன்றாகச் சொல்லிக்கொடுப்பேன். என்னிடம் வருகிறவர்கள் பாஸாகிவிடுவார்கள். மணியம் அண்ணேயிடம் பாதிப் பேர் ஃபெயில், மனிதர் இன்னும் குச்சி மாதிரி இருக்கிறார். முதல் இரண்டு வருஷம் ஒரு வாய் வைத்தாலே வயிறு கதவைச் சாத்திக்கொள்ளும், தப்பித்தேன். அப்புறம் அந்த வயிறும் பாவம், எத்தனை நாளைக்குத்தான் முரண்டு பிடிக்கும், கொஞ்சம் கொஞ்சமாக இளகிக் கொடுத்தது. முதலாளி ஒரு வருஷக் கடைசியில் எல்லாருக்கும் முன்னால் என்னைப் பாராட்டினார். என் மாணவர்கள்தான் அதிகம் பாஸ் என்றார். பின்னால் நின்ற மணியம் அண்ணே மெதுவாகச் சொன்னார்:

"அத நீங்க சொல்லவே வேணாம் முதலாளி, அவளப் பாத்தாலே தெரியுது."

பிஸ்கட் போகிற வழி

நம்மவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை, இருந்தாலும் சொல்கிறேன். சுருக்கிய வயிற்றுக்கு ஒரு குணம். நல்ல கோழித்துண்டை வைத்தால் இரண்டாவது வாயில் தொண்டைக்குக் கீழே அடைத்துக்கொண்டு நிற்கும். ஆனால் தே தாரிக் டீயில் நனைத்த பிஸ்கட்? கண்ணை மூடித் திறப்பதற்குள் வழுக்கிக்கொண்டு போய்விடும். ஐஸும் வெல்லப்பாகும் போட்ட செண்டோல் போகும். காயா ஜாம் தடவிய ரொட்டி போகும். ஐஸ்கிரீம் போவதே தெரியாது. மதியச் சாப்பாட்டில் நாலு வாய்க்கு மேல் என்னால் முடியாது என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். பொய்யில்லை. அதற்கு முன்னாலும் பின்னாலும் வழுக்கிக்கொண்டு போனதைத்தான் நான் கணக்கில் சேர்க்கவில்லை.

என் வீட்டுக்காரர் ரவி ஃபேக்டரியில் மெஷின் பழுது பார்க்கிறவர். எதையும் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்துவிட்டுத்தான் பேசுவார். ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் டிவி முன்னால் உட்கார்ந்து, ஆப்பரேஷன் செய்தும் ஏன் இப்படி ஆகிறது என்று புலம்பிக்கொண்டிருந்தேன். மடியில் முறுக்கு டின். மனிதர் டின்னைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி டின்னைப் பார்த்தார்.

"நீ சாப்பிடுறதே இல்ல சரசு. ஆனா சாப்பிட்டுக்கிட்டே இருக்க."



ஒல்லி சிக்கு எங்கே?

இளைத்திருந்த காலத்தில் நான் ஒரு ஆலோசனை மையம். கிளட்ச் எங்கே இருக்கிறது என்று கேட்க வந்த பெண்கள், வலி இருக்குமா, எத்தனை நாள் கஞ்சி குடிக்கணும், வீட்டுக்காரர் என்ன சொன்னார் என்று கேட்டுக்கொண்டு ஓட்டுவார்கள். சிக்னலில் பச்சை விழுந்தால்கூட கவனிக்க மாட்டார்கள். நானும் சும்மா இருந்தேனா? எல்லாம் மனசு வச்சா முடியும்மா என்று பெரிய மனுஷி மாதிரிப் பேசினேன். அந்த வாயை இப்போது நினைத்தால் எனக்கே அறைய வேண்டும் போல இருக்கிறது.

போன வருஷம் ஒரு அம்மா தன் மகளைச் சேர்க்க வந்தார். பாகான் டாலாமிலிருந்து ஃபெரி ஏறி வந்திருந்தார். கவுண்டரில் நான்தான் இருந்தேன். மூத்த மகளுக்கு இங்கேதான் லைசன்ஸ் எடுத்தோம், அப்போது ஒரு சிக்கு இருந்தாங்களே, ஒல்லியா, ஆப்பரேஷன் பண்ணவங்க, அவங்ககிட்டயே விடணும் என்றார். நான் என்ன செய்வேன். அவங்க வேலையை விட்டுட்டாங்க என்று சொல்லிவிட்டேன். பாவம், நல்லவங்க, இப்ப எப்படி இருக்காங்க என்றார். நல்லா இருக்காங்க என்றேன்.

"நல்லாத்தான் இருப்பாங்க லா. அந்த மாதிரி ஒடம்பு இருந்தா யாருதான் நல்லா இருக்கமாட்டாங்க?"

அட்டையில் இருப்பது யார்?

இன்ஸ்ட்ரக்டர்கள் கழுத்தில் படம் போட்ட அட்டை மாட்டியிருக்க வேண்டும். என் அட்டையில் கன்னம் ஒட்டிப்போன, தாடை தெரிகிற ஒரு பெண் சிரித்துக்கொண்டிருந்தாள். அதைத் திருப்பிப் போட்டு மாட்டிக்கொள்கிற பழக்கம் எனக்கு எப்போது வந்தது என்று தெரியவில்லை. புதுப்பிக்கிற நாள் வந்தது. கவுண்டரில் இருந்த பெண் அட்டையைப் பார்த்து, என்னைப் பார்த்து, கம்ப்யூட்டரில் எதையோ தேடினாள். ரொம்ப நல்ல பெண், எனக்கு உதவி செய்கிற ஆசையில்தான் கேட்டாள்.

"ஆப்பரேஷனுக்கு முந்தின படம் இன்னும் சிஸ்டத்துல இருக்கு அக்கா. அதையே போட்டுடவா? புதுசா எடுக்கவே வேணாம்."

மேட்டில் துள்ளிய காடி

ஹமீதா அக்கா என்னைவிடப் பத்து வயது மூத்தவர். லிட்டில் இந்தியாவுக்குப் பக்கத்தில் துணிக்கடை வைத்திருக்கிற தமிழ் முஸ்லிம் குடும்பம். வீட்டுக்காரருக்குக் காலில் ஆப்பரேஷன் ஆகி இனி காடி ஓட்டக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள். அதனால் அந்த வயதில் லைசன்ஸ் எடுக்க வந்தார். நிதானமான மனுஷி. பாஸாகும் வரை காத்திருக்காமல், முதல் வகுப்பிலிருந்தே டப்பாவில் ஏதாவது கொண்டுவந்தார். நானும் நிதானமாகத் தின்றேன்.

டெஸ்டில் மேடு ஒன்று உண்டு. பாதியில் காடியை நிறுத்தி, பின்னால் உருளவிடாமல் மறுபடி ஏற்ற வேண்டும். என்னோடு ஏற்றும்போது ஹமீதா அக்கா அழகாக ஏற்றுவார். டெஸ்ட் அன்று மேட்டில் மாணவர் தனியாகத்தான் போகவேண்டும். அக்கா பிரேக்கை விட்டு ஆக்சிலேட்டரை மிதித்தார், காடி எகிறியது. பயந்து கிளட்சை அமுக்கினார், காடி அப்படியே பின்னால் உருண்டு வந்துவிட்டது. ஃபெயில். அடுத்த தடவையும் அதே கதை. இறங்கி வந்தவர் நெற்றியைத் துடைத்துக்கொண்டு, என்னைக் குத்திக்காட்டுகிற எண்ணமே இல்லாமல் சொன்னார்:

"நீங்க உள்ள இருந்தா காடி அடக்க ஒடுக்கமா ஏறுது சிக்கு. நீங்க எறங்கிட்டா ஆட்டுக்குட்டி மாதிரி துள்ளுது."

யோசித்துப் பார்த்தேன். அக்காவின் கால் பழகியிருந்தது காடிக்கு இல்லை, என் எடைக்கு. சொல்லிக்கொடுத்த எனக்கு அது உறைக்கவில்லை. அன்றிலிருந்து மேட்டுப் பயிற்சிக்கு நான் இறங்கி வெளியே நின்றுகொண்டேன்.

யார் போட்ட பிரேக்?

இதைச் சொல்லத்தான் மற்றதையெல்லாம் சொன்னேன்.

ஆயர் ஈத்தாம் மார்க்கெட் பக்கம் ஒரு காலை நேரம். ஹமீதா அக்கா ஓட்டுகிறார். காய்கறி லோரி ஒன்று சந்திலிருந்து திடீரென்று ரிவர்ஸில் வந்தது. நான் "பிரேக்" என்று கத்திக்கொண்டே என் பெடலை மிதித்தேன். பெடல் கீழே போனது, காடி நின்றது. லோரிக்கும் எங்களுக்கும் நடுவில் ஒரு கோஸ் கூடை வைக்கிற இடம்தான். நான் இன்ஸ்ட்ரக்டர் இல்லையா, குரலை உயர்த்தினேன். பாத்தீங்களா அக்கா, நான் மட்டும் மிதிக்கலேன்னா இன்னிக்கு என்ன ஆயிருக்கும் என்று ஆரம்பித்தேன்.

அக்கா காடியை ஓரமாக நிறுத்தினார். அவர் பெடலும் என் பெடலும் ஒரே கம்பியில் கட்டியது. ஒருவர் மிதித்தால் இன்னொருவருடையது தானாக இறங்கும். இதை அவருக்கு முதல் வகுப்பில் சொல்லிக்கொடுத்ததே நான்தான்.

"நீங்க மிதிச்சா என் பெடல் தானா எறங்கும் தானே? இன்னிக்கு அது சும்மாதான் இருந்திச்சு சிக்கு. நாந்தான் மிதிச்சேன்."

ஸ்கூலுக்குத் திரும்பியதும் காடியில் தனியாக உட்கார்ந்து பார்த்தேன். சீட்டு பழைய இடத்துக்கே போயிருந்தது, அதற்கும் ஒரு பல் பின்னால். நேராகச் சாய்ந்து உட்கார்ந்து காலை நீட்டினால் பெருவிரல் மட்டும் பெடலைத் தொட்டது. மாசக்கணக்கில் மாணவர்கள் மிதித்த பிரேக்கையெல்லாம் நான் மிதித்ததாக நினைத்துக்கொண்டு இருந்திருக்கிறேன். அந்த இடத்தில் லோரிக்குப் பதில் பள்ளிக்கூடப் பிள்ளை ஒன்று வந்திருந்தால்? அழுதேன் என்று சொல்ல வெட்கமில்லை, அழுதேன்.

பெடலை நீட்டலாமா?

அழுது முடித்து நேராக டாக்டரிடம் போனேன் என்று நினைப்பீர்கள். போகவில்லை. முதலாளியிடம் சொல்லி, கால் எட்டுகிற வரைக்கும் ரோட்டு வகுப்புகளை மணியம் அண்ணேயிடம் தள்ளிவிட்டு, காடியை எடுத்துக்கொண்டு வொர்க்‌ஷாப்புக்குப் போனேன். ஆப்பரேஷன் செய்த டாக்டரை நான் பார்த்து நாலு வருஷம் இருக்கும். கூப்பிட்டார்கள், போனை எடுக்கவில்லை. ஊருக்கெல்லாம் உபதேசம் செய்தவள் இந்த உடம்போடு போய் எப்படி நிற்பது? அதற்குப் பதில் பெடலை நீட்டிவிடலாமே.

வொர்க்‌ஷாப்காரர் ஆ செங் எங்கள் ஸ்கூல் காடிகளை எத்தனையோ வருஷமாகப் பார்க்கிறவர். குனிந்து பெடலைப் பார்த்தார், சீட்டைப் பார்த்தார், கடைசியில் என்னைப் பார்த்தார். மலாயில்தான் சொன்னார், தமிழில் இப்படி வரும்:

"இந்த வருஷம் பெடலை நீட்டலாம். அடுத்த வருஷம் காடியையே நீட்டணும்."

நர்சம்மாவின் பங்கு

போனேன். இனி ஒளிய இடமில்லை. டாக்டர் திட்டுவார் என்று பதில் எல்லாம் தயார் பண்ணிக்கொண்டு போனேன். தைராய்டு, வயசு, ஷிப்ட் மாறுகிற வீட்டுக்காரர், மழை. எதற்கும் வேலை வரவில்லை. நிறையப் பேருக்கு இப்படித் திரும்பவும் எடை போடும், உடம்பு பழைய இடத்துக்குப் போகத்தான் பார்க்கும், அதற்காக ஆப்பரேஷன் வீண் என்று அர்த்தமில்லை என்றார். இனிப்பு நீர் மறுபடி லேசாக எட்டிப் பார்க்கிறது, இப்போதே பிடித்துவிடலாம் என்றார். முதலில் முட்டை, மீன், கோழி, அப்புறம்தான் மற்றது. வழுக்கிக்கொண்டு போகிறதையெல்லாம் நிறுத்து, நட, மாசா மாசம் வா, தேவைப்பட்டால் மருந்து இருக்கிறது. திட்டியிருந்தால் சண்டை போட்டுவிட்டு வந்திருப்பேன். ஏன் இத்தனை நாள் வரவில்லை என்று மட்டும் கேட்டார். வெட்கமா இருந்திச்சு டாக்டர் என்றேன். எல்லாரும் அதைத்தான் சொல்றாங்க, எளைச்சவங்க மட்டும் டாண்ணு வந்துடுறாங்க என்று சிரித்தார்.

எடை பார்த்த நர்ஸ் நம் பெண்தான், மாஸ்க் போட்டிருந்தாள். மெஷினில் வந்த எண்ணை அவள் எழுதிக்கொண்டாள். நான் கிளம்பும்போது வாசல் வரை கூடவே வந்து, மாஸ்கை இறக்கினாள். மூன்று வருஷத்துக்கு முன்னால் என்னிடம் படித்துப் பாஸாகி, சோறும் கறியுமாகப் பெலாஞ்சா பண்ணியவள்.

"மன்னிச்சுக்குங்க சிக்கு. அந்த எண்ணுல ஒரு கிலோ என்னோட நாசி கண்டார்."

ஹமீதா அக்காவின் பெலாஞ்சா

மூன்றாவது தடவை ஹமீதா அக்கா மேட்டில் பாதியில் நின்றார். நான் கீழே வேலிக்கு வெளியே நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். காடி கொஞ்சம் பின்னால் நகர்ந்தது, என் வலது கால் புல்தரையை மிதித்தது. அக்கா ஹேண்ட்பிரேக்கை இழுத்துப் பிடித்தார், மூச்சு விட்டார், மெதுவாக ஏற்றிக்கொண்டு போய்விட்டார். பாஸ்.

எனக்குச் சந்தோஷம், கூடவே பயம். அக்காவின் பெலாஞ்சா என்றால் அண்டா அளவில் வரும். தே ஓ கோசோங், அதுதான் சீனி போடாத கட்டன் டீ, அதைக் குடித்துக் குடித்து ஒரு மாசமாக நாக்கு செத்துப்போயிருந்த எனக்கு, வேண்டாம் அக்கா என்று சொல்லத் தைரியம் வரவேண்டுமே. கண்ணாடி முன்னால் நின்று சொல்லிப் பார்த்தேன். கண்ணாடிக்கே நம்பிக்கை வரவில்லை.

பெலாஞ்சாவுக்கென்று சொன்ன நாளில் அக்கா வெறுங்கையோடு வந்தார். வீட்டுக்காரருடைய காடியில், தானே ஓட்டிக்கொண்டு. "இன்னிக்கு ஒங்களுக்கு டாக்டர்கிட்ட போற நாள் தானே, ஏறுங்க. இதுதான் பெலாஞ்சா" என்றார். டப்பா கிப்பா எதுவும் இல்லையா என்று பின் சீட்டைத் திரும்பிப் பார்த்தேன், உண்மையைச் சொல்கிறேன். ஏறி உட்கார்ந்து, பழக்கத்தில் சீட்டை முன்னால் இழுத்தேன். டக். மூச்சு முட்டவில்லை. இன்னொரு தடவை இழுத்துப் பார்த்தேன், அது வரவில்லை. பரவாயில்லை, ஒரு டக்.

டத்தோ கெராமாட் சாலையில் அக்கா நிதானமாகத்தான் ஓட்டினார். முன்னால் ஒரு மோட்டார் சைக்கிள் குறுக்கே வந்தது, அக்கா வேகத்தைக் குறைத்தார். என் கால் அதற்கு முன்னாலேயே தரையை மிதித்துவிட்டது. அடுத்த சிக்னலிலும் மிதித்தேன். அதற்கடுத்த வளைவிலும் மிதித்தேன். ஹமீதா அக்கா ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்:

"காலை எடுங்க சிக்கு. அங்க பிரேக் கெடையாது, இன்னிக்கு நான் பாத்துக்குறேன்."

என் கதை இப்போதைக்கு இதுதான்: மேட்டில் பாதியில் ஹேண்ட்பிரேக்கை இழுத்துப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன், இன்னும் ஏறவில்லை என்றாலும் பின்னால் உருளவில்லை.